மில்ரோடு லேடிக்காகப் பேசியவள்

கிளான்மெல் குதிரைப் பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது பத்திரிகைக்காரர் போன் செய்தார். பயிற்சியாளர் மாலகி டூலன் சேண அறை வாசலில் நின்றபடி, தடை தாண்டும் பந்தயங்களில் ஓடப் போகிற தன் மூன்று குதிரைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே கடிவாளத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்த ஓர்லா டெம்சிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"சாம்பல் குதிரையா? சுமாருங்க. பழுப்புக்கு இன்னும் வயசு பத்தல. மில்ரோடு லேடியா... இன்னும் ஒரு ஓட்டம் ஓடினாத்தான் தேறும். பெருசா எதுவும் எதிர்பார்க்கல."

ஓர்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாலகி ஒரு குதிரையை இவ்வளவு மட்டம் தட்டினால் அது நெருப்பாய் ஓடப் போகிறது என்று அர்த்தம். டிப்பரரி பக்கத்தில் எந்த லாயக்காரனும் பந்தயத்துக்கு முன்னால் தன் குதிரையைப் புகழ மாட்டான். வாய் தவறிப் புகழ்ந்துவிட்டால் கையோடு "கடவுள் காக்கட்டும்" என்று சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கண் பட்டுவிடும். பந்தயப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கும் இது அத்துப்படி. எல்லாவற்றையும் தலைகீழாக்கித்தான் படிப்பார்கள்.

ஓர்லாவுக்கு நாற்பத்துநாலு வயது. பதினெட்டில் லாயத்துக்குள் நுழைந்தவள். இரண்டு முறை தோள் எலும்பு உடைந்தது, ஒரு கல்யாணம் வந்து போனது, வேலையை மட்டும் விட்டதில்லை. லேடி வந்த புதிதில் கிட்டே போகிறவர்களையெல்லாம் உதைக்கும். மூன்று வருடமாக ஓர்லா ஒருத்திதான் அதற்குத் தீனி வைத்தாள், தேய்த்துவிட்டாள், வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தாள். ஐந்து பந்தயம் ஓடியும் ஒன்றிலும் லேடி ஜெயிக்கவில்லை. ஆனால் போன வாரம் பயிற்சித் தடைகளை அது தாண்டிய விதத்தைப் பார்த்து மாலகியே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு கிடைக்காது.

பந்தயத்துக்கு முந்தின நாள், காலை ஒன்பதரை. மாலகி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"லேடியோட ஓனர் போன் பண்ணினான். அந்தப் பல் டாக்டர் டால்டன். பேப்பர் படிச்சானாம். 'நீங்களே எதிர்பார்க்கலைன்னு சொல்லிட்டீங்க, அப்புறம் எதுக்கு ஓட்டணும்? பேரை எடுத்துடுங்க'ங்கறான். குட்டி போட வெச்சுக்க எவனோ பண்ணைக்காரன் கேட்டானாம். வெள்ளிக்கிழமை வந்து ஏத்திட்டுப் போறானாம்."

டால்டனுக்குக் குதிரை எந்தப் பக்கம் கடிக்கும் என்று கூடத் தெரியாது. மாமா உயிலில் எழுதி வைத்ததால் போன மாதம் ஓனர் ஆனவர். பாவம், அச்சில் இருந்ததை அப்படியே நம்பிவிட்டார்.

"நீங்க எடுத்துச் சொல்லலையா, பாஸ்?"

"சொன்னேனே. 'மோசமில்ல'ன்னேன்."

"மோசமில்லையா! அதுக்கு மேல வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"நாப்பது வருஷமா சொன்னதில்ல, ஓர்லா. வாய் வரல."

பத்து மணிக்குள் எந்தக் குதிரை ஓடும், எது ஓடாது என்று உறுதி சொல்லியாக வேண்டும். ஓனரிடம் நேரே பேசுவது லாயத்து ஆட்களின் வேலையில்லை. ஆனாலும் ஓர்லா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு மாலகியிடமிருந்து போனை வாங்கி டால்டனைக் கூப்பிட்டாள்.

"டாக்டர், நான் ஓர்லா. லேடியைப் பார்த்துக்கறவ. நாளைக்கு அவ ஜெயிப்பா."

"பேப்பர்ல வேற மாதிரி..."

"பேப்பரை விடுங்க. இவர் எதையுமே நல்லாருக்குன்னு சொல்ல மாட்டார். பொண்டாட்டி சமையலையே 'பரவால்ல'ம்பார். இந்த லாயத்துல லேடி மாதிரி தடை தாண்ட ஆளே இல்ல. நீங்களே வந்து பாருங்க. அப்புறமும் விக்கணும்னா வித்துக்குங்க."

"நிஜமாவா?"

"சத்தியமா."

"சரி, ஓடட்டும். நானும் வரேன்."

போனை வைத்த பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி கூப்பிட்டாள்.

"டாக்டர், கடவுள் அவளைக் காக்கட்டும்."

"ஐயோ, என்னாச்சு? குதிரைக்கு உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. அதைச் சொல்லணும், அவ்வளவுதான்."

பின்னால் நின்ற மாலகி தானும் ஒரு தடவை முணுமுணுத்துக்கொண்டார்.

மறுநாள் கிளான்மெலில் தூறல். பதினாலு குதிரைகள் ஓடின. கடைசிக்கு முந்தின தடைக்கு லேடி ஐந்தாவதாக வந்து, மூன்றாவதாக இறங்கியது. கடைசித் தடையைத் தாண்டியபோது அதற்கு முன்னால் யாருமில்லை. ஓர்லா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். முடிவுக் கோட்டுக்குப் போகும் ஏற்றத்தில் ஒரு பெரிய செங்குதிரை பக்கத்தில் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றாகவே கோட்டைக் கடந்தன. ஒலிபெருக்கி செங்குதிரையின் பெயரைச் சொன்னது. மூக்கு நீள வித்தியாசத்தில் லேடி இரண்டாவது.

லேடி ஜெயிக்கும் என்று சத்தியம் செய்தவள் ஓர்லாதானே. விடிந்தால் வெள்ளிக்கிழமை. லேடியைப் பிடித்து நடத்தி வந்தபோது டால்டன் பளபளக்கிற ஷூவோடு சேற்றில் ஓடி வந்தார்.

"டாக்டர், நான் சொன்னது தப்பாப் போச்சு."

"என்ன தப்பு?" கத்திக் கத்தி அவருக்குக் குரலே எழும்பவில்லை. "இருபது வருஷமா ஊர்ல இருக்கறவங்க வாயைத்தான் தொறக்கச் சொல்லிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் என் வாய் தொறந்துச்சு. அடுத்த பந்தயம் எப்போ?"

மாலகி தொண்டையைக் கனைத்தார். "பார்க்கலாம். இன்னும் அவளுக்கு..."

"உங்களைக் கேக்கல சார். இவங்களைக் கேக்கறேன்."

"மூணு வாரம் ஓய்வு குடுத்தா லிமெரிக்ல ஓடலாம்," என்றாள் ஓர்லா.

"அப்போ அந்தப் பண்ணைக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

இருபத்தாறு வருடத்தில் ஓர்லா ஒரு ஓனர் முன்னாலும் அழுததில்லை. இப்போது ஆவி பறக்கும் லேடியின் கழுத்தில் முகத்தைப் புதைத்து, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அழுதாள்.