பத்து மாதம் சொல்லாத சேதி

சங்கரபாண்டியன் வீட்டில் எல்லாருமே நெட்டை. அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் 'ஒட்டடைக்கம்பு வீடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். அவருடைய அப்பாவுக்கு ஆறடிக்கு மேல் உயரம், விரல்கள் முருங்கைக்காய் மாதிரி. முப்பத்தெட்டு வயதில் பஞ்சுப்பேட்டையில் நின்று பேசிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு என்றார்கள் சிலர். முனி அடித்துவிட்டது என்றார்கள் சிலர். மூத்தவர் சங்கரபாண்டியன் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் உட்கார்ந்தார். தம்பி பொன்ராஜைப் படிக்க வைத்து, கடையில் பங்கு கொடுத்து, திருச்சுழிப் பக்கத்தில் பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் அவர்தான். தம்பி என்றால் அவருக்கு உயிர். பின்னால் நடந்ததற்கு அதை ஒரு சாக்காக அவர் பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறார். சாக்கு நிற்கவில்லை.

எண்பத்திரண்டாம் வருடம் மாசி மாதம் அது. பொன்ராஜின் மனைவி முருகலட்சுமி மாசிக் களரிக்கு, குலசாமி கும்பிட, பிறந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்க, பொன்ராஜ் கடையில் வரத்து அதிகம் என்று மறுக்க, காலையில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். பக்கத்து வீடுகளுக்கும் கேட்டது. மத்தியானம் சாப்பிட வந்த பொன்ராஜ் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனான். கழுவின கையோடு முற்றத்தில் விழுந்தான். சங்கரபாண்டியன் கடையிலிருந்து ஓடி வந்தபோது தம்பிக்கு நினைவு இருந்தது.

"முதுகுக்குள்ள கிழியுதுண்ணே," என்றான். "துணியக் கிழிக்கிற மாதிரி கிழியுது."

கார் வருவதற்குள் போய்விட்டான். உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன.

பாடைத் தேர் கட்டி முடிந்து தூக்கப்போகும் நேரம். வாசலில் நூறு பேர் நின்றார்கள். இரண்டு வயதுப் பெண்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த முருகலட்சுமியின் முன்னால் போய் நின்று, சங்கரபாண்டியன் கேட்டார்: "சோத்துல என்னத்தக் கலந்த?"

அவள் அழுகையை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் சட்டியில் மிச்சமிருந்த குழம்பைச் சோற்றில் பிசைந்து, கடைக்குப் பின்னால் திரிகிற நாய்க்குத் தன் கையாலேயே வைத்தார் அவர். நாய் வழித்து நக்கியது. மறுநாள் விடிந்து அவர் கடை திறக்கப் போனபோது வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலைச் சுற்றியது. அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நூறு பேர் முன்னால் சொன்ன சொல்லை எந்த வாயால் விழுங்குவது? நாய்க்குச் சோறு வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. பதினாறாம் நாள் முருகலட்சுமியின் அண்ணன் ஆண்டிச்சாமி வந்து, தங்கையையும் குழந்தையையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனார். உடம்பை அறுக்கக் கூடாது என்றுதான் போலீசுக்குப் போகாமல் விட்டதாகவும், வேறு ஆளாக இருந்தால் அவள் ஜெயிலில் கிடப்பாள் என்றும் சங்கரபாண்டியன் கொஞ்ச காலம் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்டவர்கள் அவரைப் பெரிய மனுசர் என்றார்கள்.

பதினோரு வருடம் போயிற்று. தொண்ணூற்று மூன்று தை மாதம், கடையில் தராசுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பிய்ந்தது. வலி நெஞ்சிலிருந்து முதுகுக்கு இறங்கி இடுப்பு வரை ஓடியது. மூட்டைகளின் மேல் சாய்ந்தவரைக் கடை ஆட்கள் தாங்கிப் பிடித்து என்ன செய்கிறது என்று கேட்க, "கிழியுது," என்று சொன்னார். சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று உறைத்தது.

மனைவி தங்கம்மாளும் மகன்களும் அவரை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு டாக்டர் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடித்து நாடி பார்த்தார். வலது கையில் துடித்தது, இடது கையில் இல்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, இது சாதாரண மாரடைப்பு இல்லை என்றும், ஒரு மணி நேரம் தாமதித்தாலும் ஆபத்து என்றும் சொல்லி, ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தை ஏற்றிக்கொண்டே வேனில் மெட்ராசுக்கு அனுப்பினார்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் ஒன்பது மணி நேரம் ஆபரேசன். இருதயத்திலிருந்து உடம்பு முழுவதற்கும் ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் வேர்ப்பக்கத்தில் வீங்கி, அதன் உள்சுவர் கிழிந்து, ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து பிளந்துகொண்டு போயிருந்தது. உடம்பைக் குளிர வைத்து, இருதயத்தை நிறுத்தி, அதன் வேலையை மிஷினிடம் கொடுத்துவிட்டு, கிழிந்த பகுதியை வெட்டியெடுத்து, உலோக வால்வு வைத்த துணிக்குழாயை அங்கே தைத்தார்கள். பிழைத்தது பெரிய காரியம் என்று நர்சுகளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பத்தாம் நாள் டாக்டரம்மா கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடச் சொன்னார். சங்கரபாண்டியன் மூடினார். கட்டைவிரலின் நுனி உள்ளங்கையைத் தாண்டி, சுண்டுவிரல் பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. டாக்டரம்மா தலையை ஆட்டினார். இது பிறவியிலேயே ரத்தக்குழாயின் சுவர் பலமில்லாமல் இருக்கிற சீக்கு. குடும்பத்தில் வழிவழியாக வரும். நெட்டையும் நீண்ட விரலும் அதற்கு அடையாளம். வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

அப்பாவைச் சொன்னார். தம்பியையும் சொன்னார். முதுகு கிழிகிறது என்று சொன்னான் என்றதும் டாக்டரம்மா, "அதேதான்," என்று எழுதிக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "தம்பிக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்ல," என்றார் சங்கரபாண்டியன்.

இருக்கிறது என்றால் எங்கே என்று கேட்பார். எங்கே என்று சொன்னால் ஏன் அங்கே என்று வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து சொல்லிவிட்டார். கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற தங்கம்மாள் புருசனின் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய மகன்கள் இருவரையும் அங்கேயே பரிசோதித்தார்கள். இருவருக்கும் அந்தச் சீக்கு இல்லை.

ஊருக்கு வந்த பிறகு தங்கம்மாள் ஒருநாள் சாப்பாடு போடும்போது, அந்தப் பிள்ளைக்குச் சொல்லியனுப்ப வேண்டாமா என்று கேட்டாள். உடம்பு தேறட்டும், பார்ப்போம் என்றார். உடம்பு தேறியது. சித்திரையில் ஓர் இன்லாண்டு லெட்டர் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முருகலட்சுமியை என்னவென்று விளித்து எழுதுவது என்பதிலேயே பேனா நின்றுவிட்டது. கிழித்துப் போட்டார். ஆடியில் இன்னொன்று வாங்கினார். அதுவும் அப்படியே. ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, அந்த மாதமும் போனதும் வெட்கப்படுவார். வெட்கம் கூடக் கூட, போவது இன்னும் கஷ்டமாயிற்று.

கார்த்திகையில் பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான ஓட்டப் போட்டி அருப்புக்கோட்டையில் நடந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்ததால் மைதானத்து ஓரமாக நடந்துகொண்டிருந்தவர், மைக்கில் ஒரு பெயரைக் கேட்டு நின்றார். "பொ. தங்கச்செல்வி, திருச்சுழி." தம்பி மகளுக்கு அவர்தான் அந்தப் பெயரை வைத்தவர். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நெட்டைப் பெண், மற்றப் பிள்ளைகளைவிட ஒரு தலை உயரமாய், பொன்ராஜ் நடக்கிற மாதிரியே தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டு கோட்டில் வந்து நின்றாள். எண்ணூறு மீட்டர். இரண்டு சுற்று.

ஓடாதே என்று கத்த வாயைத் திறந்தார். யாரென்று சொல்லிக் கத்துவது? விசில் ஊதிவிட்டார்கள். இரண்டு சுற்றும் முடிகிற வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டாவதாக வந்து, முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கினாள். அவள் நிமிர்வதற்குள் அவருக்குச் சர்வாங்கமும் வேர்த்துவிட்டது. நிமிர்ந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலை அவர் திருச்சுழி பஸ்ஸில் ஏறினார்.

முருகலட்சுமி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள் என்று விசாரித்ததில் தெரிந்தது. அவர் போனபோது மத்தியானம். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முருகலட்சுமி அண்டாவைத் திறந்து, ஒரு தட்டில் சோறும் சாம்பாரும் எடுத்து, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நின்று நாலு கவளம் சாப்பிட்டாள். பிறகுதான் கரண்டியைக் கையில் எடுத்துப் பரிமாற ஆரம்பித்தாள்.

பக்கத்தில் நின்ற வாத்தியாரிடம், பிள்ளைகளுக்கு முன்னால் ஆயா சாப்பிடுவது வழக்கமா என்று கேட்டார். வாத்தியார் புதுசாக வந்தவர், இவர் யாரென்று தெரியாது. இந்தம்மா வேலைக்குச் சேர்ந்த புதிதில், புருசனுக்கு விஷம் வைத்தவள் என்று யாரோ கிளப்பிவிட்டதால் பெற்றவர்கள் தட்டைப் பிடுங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போய்விட்டார்களாம். அன்றிலிருந்து தினமும் முதல் சோறு தான் சாப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் போடுவாளாம். இப்போது யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை என்றும், பழக்கம் விடவில்லை என்றும் அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

சங்கரபாண்டியனுக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனாலும் காத்து நின்றார். பிள்ளைகள் எழுந்து போன பிறகு அண்டா கழுவிக்கொண்டிருந்தவளின் எதிரே போய் நின்றார். அவள் பார்த்தாள். அத்தான் என்று வாயில் வரவில்லை, வாங்க என்றும் வரவில்லை.

தனக்கு வந்த சீக்கையும், செய்த ஆபரேசனையும், தம்பி செத்ததும் அதே சீக்கில்தான் என்பதையும் சொல்லி முடித்தார். பிள்ளையைக் கூப்பிட்டுக் கட்டைவிரலை மடக்கிப் பார்க்கச் சொன்னார். கூப்பிடத் தேவையில்லை என்று அவள் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அந்த விரல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்களாம்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

"தையில."

அவள் கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தாள். "இது கார்த்திக. பத்து மாசம். ஒரு பிள்ளையப் பெத்தெடுக்கிற காலம். நேத்து வரைக்கும் எம்மக ஓடிக்கிட்டு இருந்தா."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்குச் சொன்ன சொல் தப்பு என்றும், என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன் என்றும், கடையில் தம்பி பங்கு அப்படியே இருக்கிறது என்றும் ஏதேதோ சொன்னார்.

"பங்கு பிள்ளையோடது, அத நீங்க குடுக்கணும். எனக்கு ஒண்ணும் வேணாம்," என்றாள் முருகலட்சுமி. "கூட்டத்துல வச்சுத்தான சொன்னீக. கூட்டத்துல வச்சே அந்தச் சொல்லத் திருப்பி எடுத்துக்கோங்க."

டாக்டரின் விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள். துணைக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டு, அண்ணனோடு மகளைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸ் போனாள். தங்கச்செல்விக்கும் குழாய் வீங்க ஆரம்பித்திருந்தது. ஆனால் வெட்டுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை. தினமும் மாத்திரை, வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேன், ஓட்டம் கூடவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்த தை மாதம் உறவின்முறைக் கூட்டத்தில் சங்கரபாண்டியன் எழுந்து நின்றார். தம்பி செத்தது எந்தச் சீக்கினால் என்று சொன்னார். தம்பி மனைவி மேல் தான் சொன்னது அபாண்டம் என்று சொன்னார். நாய்க்குச் சோறு வைத்ததையும், மறுநாளே தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னார். சொல்லும்போது காது இரண்டும் எரிந்தன. யாராவது காறித் துப்பினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் துப்பவில்லை. பாதிப் பேருக்கு அந்தச் சாவே மறந்துவிட்டிருந்தது. "பழைய கதைய விடுங்கண்ணாச்சி, உடம்பப் பாருங்க," என்று ஒருவர் சொல்ல, அடுத்து கோயில் கொடைச் செலவைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கக் கூடின கூட்டம், அதைத் திருத்தும்போது கொட்டாவி விட்டது. அவருக்கும் ஒன்று பாக்கி இருந்தது. அந்தப் பத்து மாதத்தை மட்டும் அவர் கூட்டத்தில் சொல்லவில்லை.

தொண்ணூற்று ஏழில் தங்கச்செல்விக்கு எடுத்த ஸ்கேனில் குழாய் ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது என்றார்கள். கிழிவதற்கு முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். இந்தமுறை சங்கரபாண்டியனும் மெட்ராசுக்குப் போனார். முருகலட்சுமி வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ரத்தம் கொடுக்கலாம் என்றால், வால்வுக்காக, ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடுகிற மாத்திரையால் அவர் ரத்தம் ஆகாது என்றுவிட்டார்கள். மகன்கள் கொடுத்தார்கள். நேரம் பார்த்து, நிதானமாகச் செய்த ஆபரேசன் என்பதால் ஐந்து மணி நேரத்தில் முடிந்தது.

ஆறாம் நாள் அவரை உள்ளே விட்டார்கள். தங்கச்செல்வி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முருகலட்சுமி ஜன்னலோரம் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். இருமினால் தையல் இழுக்கிறது, எத்தனை நாளில் சரியாகும் என்று பிள்ளை கேட்டாள். நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு இருமச் சொன்னார்.

"அம்மா சொன்னாக, பெரியப்பா," என்றாள் அவள். "உங்களுக்கு ஆபரேசன் முடிஞ்சு, எந்திரிச்சு நடக்க முடிஞ்சதுமே எங்களத் தேடி வந்துட்டீகளாம். இல்லேன்னா நான் ஓடிக்கிட்டே இருந்திருப்பேன்னு."

அவர் முருகலட்சுமியைப் பார்த்தார். அவள் திரும்பவில்லை. துண்டின் ஓரத்தை நீவி நீவிச் சரிசெய்துகொண்டிருந்தாள். நூறு பேர் முன்னால் இவர் அவள் மேல் பொய் சொன்னார். இவருக்காக, பெற்ற மகளிடமே அவள் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறாள். அன்று மைதானத்துக் கம்பியைப் பிடித்து நின்றபோதும் இவ்வளவு கூசவில்லை அவருக்கு.

"இல்ல தாயி," என்றார். "பத்து மாசம் கழிச்சுத்தான் வந்தேன். தெரிஞ்சும் வரல. ஒரு நாள் நீ ஓடுனத வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

தங்கச்செல்வி அவரையே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"உடம்ப அலட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. பேசாமப் படு," என்றாள் முருகலட்சுமி.

பிள்ளை சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சங்கரபாண்டியன் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். போகச் சொல்லி யாரும் சொல்லாததால், வீட்டுக்கு அனுப்புகிற நாள் வரை அங்கேயே இருந்தார்.