அண்ணன் கொடுத்த ரத்தம்

ஜெர்மனியில் யாராவது தும்மினால், முன்பின் தெரியாதவர்கூட "கெசுண்ட்ஹைட்" என்பார். ஆரோக்கியம் என்று பொருள். நம் ஊரில் குழந்தை தும்மினால் "நூறு" என்போமே, அதுபோல. ஆனால் இங்கே சொன்னவர் அடுத்த நொடியே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சொன்ன வார்த்தைக்கும் அவருக்கும் அதன்பின் சம்பந்தமில்லை. இது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.

நான் இங்கே ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். கொரோனா வைரஸ் ஓயாமல் உருமாறினாலும் அதன் உடம்பில் அதிகம் மாறாத ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி, அதாவது நோயை எதிர்க்கும் புரதம், அபூர்வமாகச் சிலர் ரத்தத்தில் இருக்கும். அதைத் தேடுவதுதான் எங்கள் வேலை.

என் அண்ணன் சேகர் கோலார் தங்க வயலில், கோரமண்டல் என்ற பகுதியில் இருக்கிறார். தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருபவர். இரண்டாம் அலையில் அண்ணிக்கு மூச்சு முட்டியபோது எங்கேயும் படுக்கை கிடைக்கவில்லை. வீட்டிலேயே அண்ணன் அவரை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி போய்விட்டார். அண்ணனுக்கு வெறும் காய்ச்சலோடு போயிற்று. பிறகு வந்த எந்த அலையும் அவரைத் தொடவில்லை. இதைக் கேட்டதும் எங்கள் பேராசிரியர், பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றின் வழியாக அவருடைய ரத்தத்தைக் கேட்டார். வீடியோவில் மூவரும் பேசினோம். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"எவ்ளோ வேணுமோ எடுத்துக்கட்டும். ஆனா மருந்துன்னு ஒண்ணு வந்தா எங்க ஊரு ஆஸ்பத்திரிக்கும் வரணும். அவள மாதிரி இன்னொருத்தி போவக்கூடாது," என்றார் அண்ணன்.

பேராசிரியர் நெஞ்சில் கைவைத்து, "நிச்சயமாக" என்றார்.

"வாக்கு குடுக்கறாருண்ணா," என்றேன் நான்.

தேடியது அண்ணன் ரத்தத்திலேயே கிடைத்தது. நாங்கள் வைத்துப் பார்த்த பழைய, புதிய உருமாற்றங்கள் அத்தனையையும் அந்த ஆன்டிபாடி முடக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். போன மாதம் ஒரு மருந்து நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மட்டும்தான் விற்பார்களாம். பேராசிரியரின் அறைக்கு ஓடினேன்.

"என் அண்ணனுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள்."

"வாக்கா?" அவர் உண்மையாகவே திகைத்தார். "அன்று நல்லெண்ணத்தோடு பேசினேன். அவ்வளவுதானே."

அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அவரு நம்மள ஏமாத்திட்டாருண்ணா."

"அவரு இன்னா சொன்னாருன்னு எனக்கு இன்னா தெரியும் பாப்பா? அன்னிக்கு என் காதுல வுழுந்தது உன் கொரலுதானே. நீ சொன்னன்னுதான் கைய நீட்டினேன்."

அண்ணன் போனை வைத்துவிட்டார்.

ஆய்வகத்தில் அதை "நம் ஆன்டிபாடி" என்கிறார்கள். அண்ணன் இப்போது என் போனை எடுப்பதில்லை. காலையில் உறைபெட்டியைத் திறந்து, அவருடைய ரத்தச் செல்கள் இருக்கும் குப்பியைக் கையில் எடுக்கிறேன். கையுறை போட்டும் விரல்கள் விறைத்துப்போகின்றன. அண்ணனோடு எனக்கு மிச்சமிருக்கும் நெருக்கம் அதுதான்.