பெட்டியில் ஏற்றக்கூடாதவை

உழவு மெசின்காரர் மெசினுக்குப் பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டியைப் பின்பக்கமாக வளவுக்குள் விட்டார். இறங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்று சொல்லத் தொடங்கினார்.

"பிள்ளை, முதலே சொல்லிப்போட்டன், பிறகு கோவிக்கக்கூடாது. கண்ணாடி, பற்றரி, ரயர் வேண்டாம், கொட்டுற இடத்தில விடாங்கள். மண்ணுக்குள்ள இருந்து வந்த இரும்பெண்டால் தொடவே தொடாதேங்கோ, வெடிச்சாலும் வெடிக்கும். மற்றது, செத்தவையின்ர பாய், உடுப்பு ஏத்தமாட்டன். நாளைக்கு இதே பெட்டியிலதான் நெல்லு ஏத்தவேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. குப்பை ஏற்றிய பெட்டியில் நெல் ஏற்றலாம், செத்தவரின் சேலை ஏற்றியதில் கூடாதாம். "அப்பிடி ஒண்டும் இல்லை அண்ணை, ஏத்துவம்" என்றேன்.

ஸ்கந்தபுரத்தில் அம்மா தனியாக இருந்த வீடு அது. கிணற்றடியில் விழுந்து எழும்ப முடியாமல் கிடந்தவரைப் பக்கத்து வீட்டார்தான் தூக்கினார்கள். அதற்குப் பிறகு வளவை அவர்களுக்கே விற்றுவிட்டு, வவுனியாவில் நானும் மகளும் இருக்கும் வாடகை அறைக்கு அம்மாவைக் கூட்டிப்போவதென்று முடிவெடுத்தேன். அம்மாவை யாரும் கேட்கவில்லை. அவர் ஒன்றுதான் கேட்டார்: "கொண்ணன் வந்தால் எங்கையெண்டு தேடுவான்?"

அண்ணனைச் சண்டை முடிந்த கிழமை, விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லி ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு கதையும் இல்லை. எங்கள் வீட்டில் அவனைப் பற்றி 'இருந்தான்' என்று யாரும் சொல்லக்கூடாது. செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டியாவது செய்வோமே என்று ஒருமுறை வாய்விட்ட மாமாவுடன் அம்மா அன்றோடு கதையை நிறுத்தினார். மாமாவின் செத்தவீட்டுக்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைக்கு முதலில் அண்ணனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லுவார், அதற்குப் பிறகுதான் எங்களுடையது. உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அந்த அர்ச்சனை. ஐயருக்கும் எங்கள் கதை தெரியும். தெரிந்துகொண்டே அந்தப் பெயரைச் சொல்லி மந்திரம் ஓதுவார்.

கறையான் தின்ற அலுமாரி போனது. கால் முறிந்த கதிரை, கறள் பிடித்த தகரங்கள், முகாமில் தந்த கிழிந்த தறப்பாள் எல்லாம் போயின. அம்மா வேம்புக்குக் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் மறிக்கவில்லை. மறிப்பார், சண்டை பிடிப்பார் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

கடைசியாகக் கட்டிலுக்குக் கீழேயிருந்து அந்த யூரியா பையை இழுத்தேன். அண்ணனின் உடுப்புப் பை. இடம்பெயர்ந்து ஓடியபோது வழிநெடுகத் தையல் மெசின், சட்டி பானை, கடைசியில் அரிசியைக்கூட எறிந்துவிட்டு வந்தோம். அவனைக் கொண்டுபோன பஸ்ஸில் ஏறும்போது அண்ணன் இந்தப் பையை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனான். செட்டிகுளம் முகாமில் அம்மா அதைத் தலைக்கு வைத்துத்தான் படுத்தார். இப்போது எலி ஓட்டை போட்டு, மூக்கை வைக்க முடியாத நாற்றம். இருப்பது ஒரே அறை, மகளுக்கோ மூச்சிழுப்பு வருத்தம்.

"அம்மா, இது இனி அவனுக்கு அளவாயும் இராது. வந்தால் புதுசு வாங்கிக் குடுப்பம்" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தார். அவன் வருவான் என்றால் இந்தக் கந்தல் எதற்கு? அவருடைய நம்பிக்கையைக்கொண்டே அவருடைய வாயை அடைத்துவிட்டேன். அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு பையைப் பெட்டிக்குள் எறிந்தேன்.

மேலே நின்று அடுக்கிய மெசின்காரர் பையின் ஓட்டைக்குள் பார்த்தார்.

"பிள்ளை, இது ஆம்பிளை உடுப்பெல்லோ. ஆற்ற?"

"அண்ணன்ர."

"அண்ணன் இருக்கிறாரோ?"

இருக்கிறார் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எங்கள் வீட்டில் எவர் கேட்டாலும் அதுதான் பதில். அதைச் சொன்னால் பை குப்பைமேட்டுக்குப் போகும். அம்மா என்னை முந்திக்கொண்டார்.

"இல்லைத் தம்பி. அவன் செத்துப்போனான்."

மெசின்காரர் பையிலிருந்து கையை எடுத்தார்.

"செத்தவன்ர உடுப்பு. இறக்கிவிடுங்கோ" என்றார் அம்மா.

மெசின்காரர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். என்னைக் கோபமாகப் பார்த்தார், நான் அவரை ஏமாற்றப் பார்த்தேன் என்று நினைத்திருப்பார். அம்மா தடியை ஊன்றி வந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பழையபடி வேம்புக்குக் கீழே இருந்தார். அவர் அழவில்லை. சொந்தபந்தம், அதிகாரிகள் என்று எத்தனை பேர் கேட்டும் அவர் வாயில் வராத சொல். ஒரு மூட்டைக் கந்தலைக் காப்பாற்ற அதைச் சொல்லவேண்டி வந்துவிட்டது.

பை எங்களோடு பஸ்ஸில் வவுனியாவுக்கு வந்தது. அறையில் அம்மாவின் தலைமாட்டில் வைத்தேன். மகள் தன் பாயை யன்னலடிக்கு இழுத்துப் போட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பக்கத்துக் கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். இந்த ஐயருக்கு எங்களைத் தெரியாது. அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். அம்மா என்னுடையதைச் சொன்னார். மகளுடையதைச் சொன்னார். அதோடு நிறுத்திக் கைகூப்பினார்.

ஐயர், "வேற ஆரும் இருக்கினமோ அம்மா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. இவ்வளவு பேர்தான்."