நான் முடுக்காத இரண்டு போல்ட்

பயம் எனக்குக் கூடவே பிறந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது கேஸ் சிலிண்டரை மூடிவிட்டேனா என்று மூன்று முறை பார்ப்பேன். தெருமுனை வரை போனபின் திரும்பி வந்து நாலாவது முறையும் பார்த்திருக்கிறேன். ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்த பிறகுதான் தண்டவாளத்தைத் தாண்டுவேன். அரை மணி நேரம் கேட்டில் காத்துக்கிடந்து, எப்போது திறக்கும் என்று உறுமிக்கொண்டிருக்கும் ஊர் நீடாமங்கலம். அங்கே இப்படி ஒரு பழக்கம் வைத்திருப்பவனைப் பின்னால் வருகிறவர்கள் என்னவெல்லாம் சொல்வார்கள் என்பதை எழுத முடியாது.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி கார் பந்தயத்தில் ஓட்டுகிறவள்.

பந்தயம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆட்டோகிராஸ் என்பார்கள். ஒரு வெட்டவெளியில் கூம்பு கூம்பாக பிளாஸ்டிக் தடைகளை வைத்து, வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. வருகிறவர்கள் எல்லாம் எங்களைப் போல வார நாட்களில் வேறு வேலை பார்க்கிறவர்கள். என் மனைவி பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். நான் பவர் டில்லரும் அறுவடை மெஷினும் ரிப்பேர் செய்கிறவன்.

கார் அவள் தம்பியுடையது. இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஆசைப்பட்டு வாங்கியவன் ஆறு மாதம் ஓட்டிவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அது எங்கள் ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. தார்ப்பாயை விலக்கிப் பார்த்தபோது எலி உள்ளே குடும்பமே நடத்தியிருந்தது. வயர் பாதி இல்லை. பெட்ரோல் டேங்கில் துரு. ஒரு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து அதற்கு உயிர் கொடுத்தேன். எஞ்சின் ஓடிய அன்று நான் சந்தோஷப்பட்டேன், ஒளிப்பானேன். அன்று மாலையே அவள் அதை எடுத்துக்கொண்டு மன்னார்குடி சாலையில் ஒரு நடை போய்விட்டு வந்து, "இத வச்சு ஓட்டலாங்க" என்றாள். சின்ன வயதில் அப்பாவின் டிராக்டரைச் சேற்றில் ஓட்டிப் பழகியவள். 

அதற்குப் பிறகு அந்தக் காரில் நான் செய்த ஒவ்வொரு வேலையும் என் பயத்தின் வேலை. கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்து உள்ளே கனமான குழாயை வளைத்துக் கூண்டு போட்டேன். தூக்கி எறிந்தால் என்று நினைத்து தோளோடு இடுப்பைக் கட்டும் பெல்ட் போட்டேன். வளைவில் சாயாமல் இருக்க ஸ்பிரிங்கை மாற்றினேன். ஊரில் பார்த்தவர்கள் "பொண்டாட்டிக்காக கார ரெடி பண்றான் பாரு" என்று கிண்டல் செய்தார்கள். அவளுக்கும் அதில் பெருமைதான். "நீங்க முடுக்குன போல்ட்ட நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். நீங்கதான் பயத்துலயே நாலு தடவ பாத்திருப்பீங்களே" என்பாள்.

முந்தைய வருஷம் ஒரு அசிங்கம் நடந்தது. அவள் ஸ்டார்ட் கோட்டில் நின்றிருந்தபோது எனக்குப் பெட்ரோல் வாசனை அடித்தது. ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக் காரை மறித்துவிட்டேன். பானெட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. வாசனை பக்கத்தில் நின்ற வேறு காரிலிருந்து வந்திருக்கிறது. அவளுடைய முறை போய்விட்டது.  வீட்டு வாசலில் இறங்கியதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பயமா இருந்துச்சா, இல்ல தெரியுமா?"

நான் லோடு வண்டியில் காரைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன்.

"இனிமே பயம்னா கோட்டுக்கிட்ட வராதீங்க. தெரியும்னா மட்டும் வாங்க."

சரி என்று தலையாட்டினேன். சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தது போலத்தான் அதை வைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் பிரேக்கை மாற்றினேன். முன் சக்கரங்களுக்குப் பெரிய காலிபர் வாங்கினோம். சக்கரத்தோடு சுழலும் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துகிற பாகம் அது. ஒவ்வொரு பக்கமும் அதை இரண்டு போல்ட்தான் தாங்கும். அந்த நான்கு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால்தான் முடுக்க வேண்டும். இறுக்கம் போதுமான அளவுக்கு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுத்து கைக்குச் சொல்லும் நீளமான கருவி.

வலது பக்கத்தை முடித்துவிட்டேன். இடது பக்கத்து இரண்டு போல்ட்டையும் கையால் சுழற்றி உட்காரவைத்திருந்த நேரத்தில் அவள் ஷெட் வாசலில் வந்து நின்றாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம்.

"இன்னும் ஜாக்கிலயே நிக்குது? நாளைக்குக் காலைல பூஜ. கால் இல்லாத வண்டிக்கா மாலை போடுவாங்க? சக்கரத்த மாட்டி எறக்குங்க. சாமானெல்லாம் குடுங்க, கழுவணும்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. முடமாக நிற்கும் வண்டிக்குப் பூஜை செய்ய எனக்கே மனசு வராது. சக்கரத்தை மாட்டி இறக்கினேன். பூஜை முடிந்து ஆயுதத்தை எடுத்ததும் முதல் வேலை அந்த இரண்டு போல்ட்தான் என்று நினைத்துக்கொண்டேன். மறந்துவிடக்கூடாதே என்று, பாக்கி வேலைகளை எழுதும் கரும்பலகையில் 'இடது காலிபர்' என்று பெரிதாக எழுதியும் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்டதை அவள் எனக்காகக் கொண்டுவந்த பலகை.

பிறகு ஷெட்டைக் கழுவினோம். தரையைக் கழுவினேன், சுவரைக் கழுவினேன், பலகையையும் நானே ஈரத்துணியால் துடைத்து அதில் மூன்று பட்டை விபூதி போட்டேன். நாலு தடவை பார்க்கிறவன் செய்த காரியம் இது.

அவள் ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வாழை இலையில் வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். டார்க் ரெஞ்சுக்குக் கை பிடிக்கிற இடத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்தாள். விடிந்ததும் காருக்கு மாலை போட்டோம். பொரியும் கடலையும் சுண்டலும் படைத்தோம். அன்று முழுவதும் எந்தச் சாமானையும் தொடவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் கற்பூரம் காட்டி சாமான்களை எடுத்த அடுத்த நிமிஷமே போன் வந்தது. பக்கத்து ஊரில் குறுவை அறுவடை நடுவில் மெஷின் நின்றுவிட்டது. "மானம் இருட்டிக்கிட்டு வருதுங்க. சாஞ்ச கதிரு நனைஞ்சா வயல்லயே முளைச்சிடும். எப்பிடியாச்சும் வந்துடுங்க" என்று வயல்காரர் அழாத குறை. ஸ்பேனர்களை அள்ளிக்கொண்டு ஓடினேன். இரண்டு நாள் அந்தச் சேற்றிலேயே போயிற்று. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பந்தயம். லோடு வண்டியில் காரை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரைத் தாண்டிப் போனோம். இறங்கியதும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். அது மட்டும் எனக்கு மறக்கவில்லை.

வல்லம் பக்கம் தைல மரத்தை வெட்டிச் சமமாக்கிய செம்மண் பொட்டல். எங்கள் ஊர்க் களிமண்ணைப் பார்த்த கண்ணுக்கு அந்தச் சிவப்பே பயமாக இருக்கும். பாதையின் கடைசியில் நேராக நீளமான ஓட்டம், அதன் முடிவில் சட்டென்று ஒரு வளைவு, வளைவுக்கு வெளியே வெட்டாமல் விட்ட நாலைந்து மரங்கள். அங்கே பிரேக் பிடிக்காவிட்டால் மரம்தான்.

முதல் ரவுண்டு ஓடினாள். நான் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றால்தான் எனக்குப் பயம். நிற்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் இரண்டாவது இடத்தில் இருந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"ம். சரியாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "பின்னாடி டயர்ல காத்து மட்டும் கொஞ்சம் கொறைங்க" என்றாள்.

காற்றைக் குறைத்துவிட்டேன். அவளும் இரண்டாவது ரவுண்டுக்கு வரிசையில் போய் நின்றாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை எதுவும் இல்லாவிட்டால் என் பயம் என்னையே தின்னும். காற்று அளக்கும் கேஜை அதன் இடத்தில் வைக்கலாம் என்று டார்க் ரெஞ்சின் பெட்டியைத் திறந்தேன். கேஜ் அதற்குள்தான் இருக்கும்; அவசரமாக எடுத்தபோது வேறெதையும் பார்க்கவில்லை.

ரெஞ்சின் கைப்பிடியில் பொட்டு அப்படியே இருந்தது.

சந்தனம் காய்ந்து லேசாக வெடித்திருந்தது. குங்குமம் துளிகூடக் கலையவில்லை. பக்கத்துப் பெட்டியில் இருந்த ஸ்பேனர்களில் பொட்டு இருந்த சுவடே இல்லை; அறுவடை மெஷினின் கிரீஸில் எல்லாம் போயிருந்தது. இதில் மட்டும் அவள் விரல் வைத்த வட்டம் அப்படியே இருந்தது. பூஜைக்குப் பிறகு இதன் கைப்பிடியை யாரும் பிடிக்கவில்லை. நான் பிடிக்கவில்லை.

இடது பக்கத்து இரண்டு போல்ட்டும் நினைவுக்கு வந்தன.  நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்கு முன்னால் ஒரே ஒரு கார். அதுவும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கிளம்பிவிட்டது. அவள் கார் மெல்ல உருண்டு கோட்டுக்கு வந்தது.

ரெஞ்சோடு ஓடினேன். ஓடும்போது எனக்கு வந்த நினைப்பை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒருவேளை முடுக்கியிருப்பேனோ, துடைத்துவிட்டு அவள் மறுபடி பொட்டு வைத்திருப்பாளோ, இன்றைக்கும் நிறுத்தினால் இனி என் முகத்தில் முழிப்பாளா என்று கணக்குப் போட்டேன். ஒரு நிமிஷம் கால் தயங்கவும் செய்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

கொடி பிடித்திருந்த பெரியவர், "சார், கோட்டுக்குள்ள வராதீங்க!" என்று கத்தினார். நான் காரின் முன்னால் போய் நின்றேன். அவள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். கார்க் கண்ணாடியை இறக்கினாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"பயமா இருக்கா, இல்ல தெரியுமா?"

"தெரியும்" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. ரெஞ்சை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "நீ வச்ச பொட்டு. கலையவே இல்ல. இடது பக்கம் நான் முடுக்கல."

அவள் அந்தப் பொட்டையே பார்த்தாள். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள்.

காரை இரண்டு பேருமாக ஓரத்துக்குத் தள்ளினோம். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். மேல் போல்ட் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. போல்ட் எங்கேயோ செம்மண்ணில் விழுந்துவிட்டிருந்தது. கீழ் போல்ட் இரண்டே புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. காலிபர் சக்கரத்தின் உள்பக்கத்தில் மோதி மோதிப் பளபளவென்று ஒரு வளையம் கீறியிருந்தது.

நான் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, கழற்றிய சக்கரத்தின்மேல் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். அந்த வளையத்தை விரலால் தடவினாள்.

"மொத ரவுண்டுலயே இடது பக்கம் தட்டுச்சுங்க" என்றாள். "பிரேக்க அமுக்குறப்பல்லாம் டொக்கு டொக்குன்னு தட்டுச்சு."

எனக்குப் புரிய நேரம் ஆயிற்று.

"கேட்டேனே. சரியா இருக்குன்னியே. ஏன் சொல்லல?"

"சொன்னா பயந்துடுவீங்க. முடுக்குனது நீங்க, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

இத்தனை வருஷமாக என் பயம்தான் அவளைக் காப்பாற்றுகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது அவள் வாயை அடைத்திருக்கிறது. அந்தப் பளபள வளையத்தைப் பார்க்கப் பார்க்க, போல்ட்டை மறந்ததைவிட இதுதான் என் பெரிய தப்பு என்று பட்டது.

"ஒனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை.

கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஒவ்வொரு தடவ ஹெல்மெட் மாட்டுறப்பவும் இப்பிடித்தாங்க நடுங்கும். வீட்டுல நீங்க ஒருத்தரே எல்லா பயத்தையும் எடுத்துக்கிட்டீங்க. நான் எங்கங்க போய் பயப்படுறது?"

நான் ரெஞ்சை அவளிடம் கொடுத்தேன். அவள் அதைக் கைப்பிடியில் பிடித்து வாங்கினாள். பொட்டு அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.