அடுத்த குழுவுக்கென்று வைத்த கூரை

இத்தெர் எந்த வீட்டுக்குப் போனாலும் வீட்டுக்காரருக்கு ஸலாம் சொல்வதற்கு முன் சுவரைத் தட்டிப் பார்ப்பான். நடுவிரலை மடக்கி இடுப்பு உயரத்தில் ஒரு தட்டு, தோள் உயரத்தில் ஒரு தட்டு. பிறகு காதைச் சுவரோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வான். பெண் கேட்கப் போன இடத்திலும் இதையே செய்தான். "வடக்குப் பக்கம் ஈரம் ஏறியிருக்கு மாமா, பனி விழறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தான். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பனிக்காலத்தில் வடக்குச் சுவர் சரிந்தது. வசந்தத்தில் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு வயது. அட்லஸ் மலையில் தசிர்த் என்ற அவன் ஊரிலும் அதைச் சுற்றியுள்ள ஏழு ஊர்களிலும் மண்சுவர் என்றால் இத்தெர் மேஸ்திரிதான். இரண்டு பலகைகளை எதிரெதிரே நிறுத்தி, கயிற்றால் இறுக்கி, நடுவில் ஈரமண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடிக்கவேண்டும். எத்தனை இடி என்று அவன் எண்ணுவதில்லை. "மண்ணு முதல்ல மாவு மூட்டை மாதிரி பேசும். அப்புறம் கதவு மாதிரி பேசும். கடைசில பானை மாதிரி பேசும். பானை பேசினா நிறுத்திடு" என்பான். அவனிடம் ஒரு ரசமட்டம் இருக்கிறது. யாரோ பரிசாகக் கொடுத்தது. உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

நிலநடுக்கத்தில் ஊரில் பாதி விழுந்தது. இத்தெர் கட்டியவை பதினான்கு வீடுகள், பன்னிரண்டு நின்றன. அவன் பேசுவது விழுந்த இரண்டைப் பற்றி மட்டும்தான். அவனுடைய அக்கா தூதாவுக்கு அது பொறுக்காது. அவனைவிட ஆறு வயது மூத்தவள், நான்கு வகுப்பு படித்தவள், எதையும் சரியாகச் சொல்லியாக வேண்டும் அவளுக்கு. "அந்த ரெண்டும் இவன் பேச்சக் கேக்காம மேல சிமெண்டுத் தளம் போட்டவங்க வீடு. அதையும் சேத்துச் சொல்லு" என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். அவன் சொல்லமாட்டான்.

தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் ஊரில் பதினொரு பேர். அவர்களுக்கு ஒரு வீடு கட்டித் தருவதாக வெளிநாட்டுச் சங்கம் ஒன்று வந்தது. வாதுமை மரங்களுக்குக் கீழே சமதளமான இடம், ஐந்து அறைகள், நடுவில் முற்றம். பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்ளத் தூதா, கட்ட இத்தெர். கூடக் கைகொடுக்க, பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை, மராக்கெஷிலிருந்து பேருந்தில் இருபது தன்னார்வலர்கள். ஒரு குழு போனதும் அடுத்த குழு. எல்லாவற்றையும் மேற்பார்க்கக் காஸாபிளாங்காவிலிருந்து நபீல் என்ற, கோட்டுப் போட்ட இளைஞன்.

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெயிலுக்கு அஞ்சவில்லை, தூதா கொடுத்த ரொட்டியைக் குறை சொல்லாமல் தின்றார்கள், கழுவச் சொல்லாமலே தட்டைக் கழுவினார்கள். ஆனால் சுவர் கட்டத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. இரண்டாவது குழு மூன்று நாட்கள் குந்தி உட்கார்ந்து மண்ணைச் சல்லடையில் சலித்துக் கூழாங்கற்களையெல்லாம் பொறுக்கி ஓரமாகக் குவித்துவைத்தது. சுத்தம் செய்தார்களாம். இத்தெர் வந்து பார்த்தபோது மண் ஒரு பக்கம் மாவாகக் கிடந்தது, அதன் எலும்பெல்லாம் இன்னொரு பக்கம் கிடந்தது. கல் இல்லாத மண் காய்ந்தால் வெடிக்கும் என்பது தசிர்த்தில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். அவன் ஏதோ முணுமுணுத்தான். மண்வெட்டியை எடுத்து இரண்டு குவியலையும் மறுபடி ஒன்றாகக் கலக்கத் தொடங்கினான். இருபது பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி அழுதுவிட்டாள்.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று அவர்கள் நபீலிடம் கேட்டார்கள்.

"பஸ்ஸுல வந்த இந்தப் புள்ளைங்கள நாலு நாள் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சச் சொல்லு தம்பி, அதுவாவது பிழைக்கும்" என்றுதான் இத்தெர் முணுமுணுத்திருந்தான். நபீல் அதை வேறு எப்படியோ அவர்கள் மொழிக்கு மாற்றினான். எல்லாரும் நெஞ்சில் கைவைத்து இத்தெருக்குத் தலை வணங்கினார்கள். எதற்கு வணங்குகிறார்கள் என்று அவனுக்குப் புரியவில்லை. அவனும் பதிலுக்கு வணங்கிவைத்தான்.

ஒவ்வொரு குழுவும் போகும்போது ஈரப்பூச்சில் உள்ளங்கையைப் பதித்துவிட்டுப் போகும். முற்றத்துச் சுவரில் மட்டும் நூற்றுப்பதினெட்டுக் கைகள். தூதா எண்ணியிருக்கிறாள். அந்த வீட்டில் இருக்கப்போகிற பதினொரு பிள்ளைகளில் ஒருவர் கைகூட அதில் இல்லை. பிள்ளைகளை ஆளுக்கொரு கல்லைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். எடுத்து முடிந்ததும் கல் இருந்த இடத்துக்கே போய்விடும்.

இத்தனைக்கும் நடுவில் வேலை நடந்தது. ஜூனில் சுவர்கள் எழுந்தன. ஜூலையில் பாப்ளர் மரத்து உத்திரங்களை ஏற்றினான். ஆகஸ்டில் நாணல் பரப்பினான். அதன் மேல் ஒரு சாண் கனத்துக்கு மண் கொட்டி மிதித்து, களிமண் பூசி, தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துவிட்டால் வீடு முடிந்தது. ஆள் இருந்தால் ஒரே நாள் வேலை. அங்கேதான் நபீல் கையைக் காட்டி நிறுத்தினான்.

"கூரை இருக்கட்டும் மேஸ்திரி. அது அக்டோபர்ல வர்ற குழுவுக்கு."

இத்தெர் முதலில் வேடிக்கை என்றுதான் நினைத்தான். இல்லை. அக்டோபர்க் குழு பெரியது, நாற்பது பேர். கூரையில் ஏறி மண் மிதிப்பது என்று அவர்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அதுவரை வருகிறவர்களுக்கு வேலை வேண்டுமே என்று, கட்டி முடித்த தோட்டச் சுவரில் ஒரு பகுதியைப் பிரித்துத் திரும்பக் கட்டச் சொன்னான். அதையும் இத்தெர் செய்தான். இரண்டு முறை செய்தான். மூன்றாவது முறை பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

பிள்ளைகள் பதிமூன்று மாதங்களாகக் கூடாரத்தில். போன பனிக்காலத்தில் பனியின் பாரம் தாங்காமல் ஒரு கூடாரம் படுத்துவிட்டது. உள்ளே இருந்த நான்கு பேரை இழுத்து எடுத்தது தூதா. அதில் ஹன்னு என்ற எட்டு வயதுப் பெண்ணுக்கு அன்று பிடித்த இருமல் இன்னும் நிற்கவில்லை. செப்டம்பர் கடைசியில் மலையுச்சியில் மேகம் இறங்க ஆரம்பித்தது. கூரையில்லாத மண்சுவருக்கு மேல் மழை விழுந்தால் என்ன ஆகும் என்பதை இத்தெரிடம் யாரும் கேட்கத் தேவையில்லை. வீட்டுக்குப் போனவன் ஒரு மதியச் சாப்பாட்டின்போது திரும்பி வந்தான்; எல்லாரும் உட்கார்ந்திருக்கையில், கையில் தட்டோடு நின்றுகொண்டே நபீலிடம் கேட்டான்.

"மழை உன் தாளப் படிச்சிட்டா வரும் தம்பி?"

"பத்து நாள்தான் மேஸ்திரி. இப்பவே முடிச்சிட்டா வர்றவங்க என்ன செய்வாங்க? ஆறு மாசமா இதுக்காகக் காத்திருக்காங்க."

"டீ குடிக்கட்டும். மலையப் பாக்கட்டும். நாங்க பொறந்ததுலேந்து அதத்தான் பாக்கறோம், இன்னும் சலிக்கல."

"நானும் பிள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன். இவங்க மனசு விட்டுப் போச்சுன்னா அடுத்த ஊர்ல வீடு ஏது?"

"இந்த ஊர்லயே இன்னும் ஏதுமில்லயே" என்றாள் தூதா, ரொட்டியைப் பிய்த்தபடி.

நபீல் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "மேல் ஏறி மண் போட்டா வேற மேஸ்திரியப் பாக்க வேண்டியிருக்கும்க்கா. நான் சொல்லலே, சங்கம் சொல்லுது."

வேறு மேஸ்திரி. தசிர்த்தில் இருந்துகொண்டு ஒருவன் இத்தெரைப் பார்த்து இதைச் சொன்னான். தூதா கையில் இருந்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டாள். அவள் தம்பி தன் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஊர் சும்மா இருந்ததா என்று கேட்கலாம். ஊரில் திவீஸி என்று ஒன்று உண்டு. ஒரு வீட்டுக்கு அறுவடையோ கூரையோ ஆகவேண்டுமென்றால் அந்த வீட்டுக்காரர் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்பார். வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து ஒரே நாளில் முடித்துக் கொடுப்பார்கள். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு, நன்றி சொல்லக்கூடாது. ஆனால் வீட்டுக்காரர்தான் கேட்கவேண்டும். அடுப்பு எரியாத வீட்டுக்கு வீட்டுக்காரர் கிடையாது. வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்குத் திவீஸியும் கிடையாது. கூப்பிடாமல் போனால் அது அத்துமீறல். அதனால் ஊர் முழுவதும் அந்த மொட்டைச் சுவர்களைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டு, கேட்க ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

இத்தெர் ஊரில் எல்லார் திவீஸிக்கும் போனவன். தனக்கென்று ஒருமுறைகூட அழைத்ததில்லை. நிலநடுக்கத்தில் அவன் வீட்டுக் கூரையின் ஒரு மூலை பிளந்தது. அதன்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கல் வைத்திருக்கிறான். "கேக்கறதுக்கு நாக்கு வளையல அக்கா" என்பான். அந்த வளையாத நாக்கைப் பற்றித் தூதாவுக்குப் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு.

அக்டோபர் முதல் வெள்ளிக்கிழமை காலையில் பழைய குழுவோடு நபீலும் மராக்கெஷுக்குப் புறப்பட்டான். புதிய நாற்பது பேரை ஞாயிறு மதியம் கூட்டிவருவான். பேருந்து வளைவு திரும்பியதும் இத்தெர் தன் படுக்கையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கூரையில்லாத அந்த வீட்டுக்குள் போய்க் கிழக்கு அறையில் விரித்தான்.

"அடுப்பப் பத்த வை அக்கா."

"யார் வீட்டு அடுப்புடா?"

"உன் வீட்டு அடுப்பு. நீதானே இருக்கப்போற? நானும் இருக்கேன், உன் தம்பி. ரொட்டி போடு."

தூதா அடுப்பை மூட்டினாள். நாணல் இடுக்கு வழியாகப் புகை மேலே போனதை ஊர் பார்த்தது. ரொட்டி வேகுமுன் இத்தெர் முதல் வாசலில் நின்றான். முப்பத்தொரு வாசல்கள். முதல் வாசல் பிஹி கிழவருடையது. கண் தெரியாது, காது கூர்மை.

"யாரது?"

"இத்தெர்."

"சுவரத் தட்டற சத்தம் கேக்கலயே. நீ இத்தெர் இல்ல."

"நாளைக்கு அக்கா வீட்டுக்குக் கூரை மாமா. ஒரு ஆள் குடுங்க."

கிழவர் கதவு நிலையைப் பிடித்து எழுந்தார். பிறகு உள்ளே திரும்பி, "அடியே, இத்தெர் கேட்டுட்டான்டி. வந்து பாரு, வாயத் தெறந்து கேட்டுட்டான்" என்றார். இரண்டாவது வாசலுக்குப் போகுமுன்பே மூன்றாவது வாசலில் ஒருத்தி, "எங்க வீட்டுலேந்து ரெண்டு ஆளு. ஒண்ணு உனக்கு, ஒண்ணு அந்தக் கோட்டுப் போட்ட பையனத் திட்டறதுக்கு" என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் வந்தார்கள். மண் கூடைகள் கை மாறி மாறி ஏணியில் ஏறின. மேலே ஆண்களும் பெண்களும் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக மிதித்தார்கள். கல்லை யாரும் பொறுக்கவில்லை. இத்தெர் யாரையும் அதட்டவில்லை. குனிந்து காலின் சத்தத்தைக் கேட்டபடி பின்னால் நடந்தான். தூதா ஏழு முறை கோதுமை ரவையைக் குஸ்குஸாக அவித்தாள். மதியத்துக்குள் மண் முடிந்தது. மாலைக்குள் களிமண் பூச்சும் முடிந்தது. ஒருவரும் நன்றி சொல்லவில்லை. கடைசியில் ஹன்னு உட்பட பதினொரு பிள்ளைகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

ஞாயிறு மதியம் பேருந்து வந்தது. நாற்பது பேர் இறங்கினார்கள். நாற்பது ஜோடி புதுக் கையுறைகள். நபீல் கூரையைப் பார்த்தான், புகையைப் பார்த்தான், வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தான். இத்தெர் மேலே ஒரு காலும் ஏணியில் ஒரு காலுமாகக் கூரை விளிம்பைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான்.

நபீல் ஏணியடியில் வந்து தாழ்ந்த குரலில் பேசினான். 

"முடிஞ்சது முடிஞ்சுபோச்சு மேஸ்திரி. நான் யாருக்கும் ஒண்ணும் எழுதல. கிழக்கு ரூம் மேல மட்டும், ஒரு மூலைல, மண்ண எடுத்துடுவோம். பிள்ளைங்க ரெண்டு நாள் கூடாரத்துல இருக்கட்டும். இவங்க மிதிச்சிட்டுப் போகட்டும். இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, நான் இவங்ககிட்ட என்ன சொல்லுவேன்?"

உள்ளே ஹன்னு இருமுவது கேட்டது. நாற்பது பேரும் ஒன்றும் புரியாமல் சிரித்தபடி நின்றார்கள். ஒருவன் ஏற்கெனவே ஏணியின் முதல் படியில் கை வைத்திருந்தான்.

இத்தெர் கீழே பார்த்தான். அந்தக் கையை, மெதுவாக, படியிலிருந்து எடுக்கும்படி விரலால் சைகை காட்டினான். கை எடுபட்டது. பிறகு மற்றொரு காலையும் மேலே எடுத்துக்கொண்டு, குனிந்து, ஏணியைப் படி படியாக இழுத்துக் கூரைமேல் குறுக்கே கிடத்திவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து விளிம்பைத் தட்டத் தொடங்கினான்.