தம்பி தேய்த்த ஜப்பானியப் பெட்டி

எண்பதுகளில் நாங்கள் வெளிநாட்டில், கிளென் ஈடன் என்ற ஊரில் இருந்தபோது, கொழும்புக் கலவரத்தில் வீட்டைப் பறிகொடுத்த என் தம்பி எங்களிடம் வந்து சேர்ந்தான். வேலை கிடைக்கும்வரை சும்மா இருக்கமாட்டான். நன்றாக இருந்த குழாயைத் திருத்தி ஒழுகவைத்தான். ஒழுங்காகத் திறந்த ஜன்னலைத் திருத்தி இறுக்கினான். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

சாப்பாட்டறையில் ஒரு பழைய ஜப்பானியப் பெட்டி வைத்திருந்தேன். இழுத்துத் திறக்கும், செவ்வரக்குப் பூசிய லாச்சிகள். மூலைகளிலும் பூட்டைச் சுற்றியும் பூவேலை செய்த கறுப்பு இரும்புத் தகடுகள். அந்தக் கறுப்புக்காகவே ஆசைப்பட்டு வாங்கியது.

ஒருநாள் வேலையால் வந்து பார்த்தால், தகடுகளில் பாதி அலுமினியச் சட்டிபோல் மினுங்குகிறது. தம்பி உப்புத்தாளோடு நிலத்தில் இருக்கிறான்.

"உனக்கென்ன விசரே? ஆரடா இதைத் தொடச் சொன்னது? அது ஊத்தை இல்லையடா, அதின்ர நிறமே அதுதான்!" என்று கத்தினேன்.

"ஊத்தை இல்லையெண்டு தெரியும் அக்கா," என்றான், தலை நிமிராமல். "எரிஞ்ச பிறகு எங்கட வீட்டுப் பூட்டும் கதவுப் பிணைச்சலும் இப்பிடித்தான் கறுத்துக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் இதுக்கு முன்னால இருந்து சாப்பிட ஏலாமக் கிடக்கு."

என் கோபம் உடனே போய்விட்டது என்றால் அது பொய். ஆனாலும் இருவருமாகப் பெட்டியைத் தூக்கி என் படுக்கையறைக்குள் வைத்தோம்.

தம்பிக்கு வீட்டில் இடம் கொடுத்துவிட்டதாகவே நினைத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் அவனை எதற்கு முன்னால் இருத்தினேன் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.