மரியதாஸ் கேட்காத பின்பாதி

ஏற்காடு மலையில், வாழவந்திக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கும் மரியதாஸுக்கு உலகத்தில் பிடித்த கலைஞர் ஒரே ஒருவர்தான். சென்னைக்காரர், சாக்ஸபோன் வாசிப்பவர், பெயர் எட்வின் குமாரதாஸ். வாசிப்பது ஜாஸ். அந்த எஸ்டேட்டில் இந்தச் சொல்லை மரியதாஸைத் தவிர யாரும் உச்சரித்ததில்லை. அவரும் அதிகம் உச்சரிப்பதில்லை, உச்சரித்தால் விளக்கம் கேட்கிறார்கள்.

ரைட்டர் வேலை என்பது எழுத்து வேலை என்று நினைப்பவர்கள் அடிவாரத்திலேயே திரும்பிவிடலாம். அது தொண்டை வேலை. விடிந்ததும் ஆட்களை நிறுத்தி ஒவ்வொரு பேராகக் கூப்பிட வேண்டும். நேரத்துக்கு வந்தவருக்கு 'முழு நாள்', பிந்தி வந்தவருக்கு 'அரை நாள்' என்று அங்கேயே, எல்லோர் காதிலும் விழும்படி தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிறகு காடு முழுக்க நடை. சாயங்காலம் பழம் எடை. பறித்த பழம் அன்றைக்கே தோலுரிக்கும் பல்ப்பர் மிஷினில் இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். ரைட்டர் புளிப்பதைப் பற்றி எஸ்டேட் சட்டத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

படுத்தாலும் பேர்கள் விடுவதில்லை. கண்ணை மூடினால் கண்ணம்மாளும் சின்னனும் ராசாத்தியும் வரிசையில் நின்றார்கள். இந்த நிலையில்தான் முதலாளியின் கார் டிரைவர் தனபால், காரில் ஓடிய ஒரு பாட்டை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தான்.

"கேட்டுப் பாருங்க ரைட்டரே. வார்த்தையே கிடையாதுங்க. யாரு பேரையும் கூப்பிடாது."

அன்றிலிருந்து எட்டு வருஷமாக மரியதாஸ் படுக்கும்போது எட்வின் குமாரதாஸ் தலைமாட்டில் வாசிக்கிறார். நீளமான, அவசரமில்லாத பாட்டு. பாதியில் மரியதாஸ் தூங்கிவிடுவார். தினமும் பாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, பட்டப்பகலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். மத்தியானச் சோற்றுக்கு எழுப்ப வேண்டியதாயிற்று. ஆக, தன் அபிமானப் பாட்டு எப்படி முடிகிறது என்று தெரியாத ரசிகர் இந்தியாவில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

போன டிசம்பரில், பழம் பறிப்பு உச்சத்தில் இருந்தபோது, ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டுக்கு எட்வின் குமாரதாஸே வருவதாகத் தெரிந்தது. முதலாளிக்கு இரண்டு பாஸ் வந்தது. முதலாளி ஊரில் இல்லை. பாஸ் கைமாறிக் கைமாறி ரைட்டரிடம் சேர்ந்தது.

"எதுத்தாப்புல உக்காந்து வாசிக்கையில மனுசன் தூங்குவானா? இன்னிக்கு முழுசாக் கேட்டுட்டுத்தான் வருவேன்" என்றார் மனைவி செல்வமேரியிடம், மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டியபடி.

"தூங்கறதுக்கு எதுக்குங்க கோட்டு?"

"மேரி, வாயை வெக்காத. எனக்குக் கண்ணு சொருகினா ஒரு கிள்ளு கிள்ளு. நல்லாக் கிள்ளு."

"அதுக்குத்தானுங்களே கட்டிக்கிட்டேன்."

காலையில் பேர் கூப்பிடும் மஸ்டர், பிறகு கரடியூர்ப் பக்கத்துச் சரிவில் இரண்டு நடை என்று முடித்து, எடையை மேஸ்திரி மாரியப்பனிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

ரிசார்ட் புல்வெளியில் ரசிகப் பெருமக்கள் கோபி மஞ்சூரியனை ரசித்துக்கொண்டிருந்தார்கள். கலைஞர்களைக் காணோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட அவர்கள் வேன் ஒருவழியாக வந்தது. எட்வின் குமாரதாஸ் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இறங்கினார். போட்டோவில் இருந்தவருக்கு அப்பா மாதிரி இருந்தார். கூட இரண்டே பேர்.

முதல் பாட்டு வேகம். தட்டுகள் உருளுவது போல டிரம்ஸ். மரியதாஸ் கண்ணைப் பெரிதாக விழித்து, ஆட்களை மேய்க்கும் முகத்தோடு கேட்டார். இரண்டாவதாக அந்தப் பாட்டு. முதல் சுரத்திலேயே மனைவியின் கையை அழுத்தி, "இதுதான், இதுதான்" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

எட்டு வருஷமாகப் பழக்கிய உடம்பு, வாத்தியம் போனில் இருக்கிறதா எதிரில் இருக்கிறதா என்று விசாரிக்கவில்லை. பாதி வந்ததும் தலை கோட்டுக் காலருக்குள் இறங்கியது. செல்வமேரி கிள்ளவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கியது. எட்வின் குமாரதாஸ் மைக்கைப் பிடித்து, களைத்த குரலில் குழுவை அறிமுகப்படுத்தினார்.

"பேஸ் கிட்டார்... ஆஷ்லின்."

"முழு நாள்" என்றது முன்வரிசையில் ஒரு கம்பீரமான குரல்.

கூட்டம் திரும்பியது. குரலுக்குச் சொந்தக்காரரின் கண்கள் மூடியிருந்தன.

"டிரம்ஸ்... ஆசிர்."

"முழு நாள்."

சிரிப்பு வெடித்தது. எட்வின் குமாரதாஸ் கொஞ்சம் யோசித்து, பயபக்தியோடு தன் பெயரையும் சொன்னார்.

"லேட்டு. அரை நாள். போய்க் கூடையை எடு."

இப்போதுதான் செல்வமேரிக்குக் கிள்ளும் ஞாபகம் வந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்று துள்ளி எழுந்தார் மரியதாஸ்.

மீதிப் பாட்டுகளை அவமானம் தந்த விழிப்போடு ஒன்று விடாமல் கேட்டார். அவற்றில் அவருடைய பாட்டு இல்லை.

கலைந்து போகும்போது எட்வின் குமாரதாஸ் வாத்தியப் பெட்டியோடு அவர்கள் பக்கம் வந்தார். "ஐயா, எனக்கு மட்டும் ஏன் அரை நாள்?"

"மன்னிச்சுக்கோங்க. நொம்ப அசதி. வாய் தானா..."

"சரியாத்தான் சொன்னீங்க. இன்னிக்கு நான் பாதி ஆள்தான். நாளைக்கு மதுரை வேற."

அந்தப் பின்பாதியை ஒரு தரம் வாசிக்கச் சொல்லலாமா என்று மரியதாஸுக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பெட்டி பூட்டியிருந்தது. மிஷினை நிறுத்திக் கழுவிய பிறகு இன்னொரு கூடைப் பழத்தோடு யாராவது வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று அறிந்தவர் அவர். கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்.

வாழவந்தி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் மேரி கிள்ளல?"

"கேட்டுக்கிட்டிருந்தேனுங்க."

"உனக்கென்ன தெரியும் அதுல?"

"நீங்க பாதியில தூங்கிருவீங்க. அப்புறம் போனை அமத்தறது யாருங்க? முடியற வரைக்கும் முழிச்சிருந்துதான் அமத்தறேன். எட்டு வருசமா. பாதியில அமத்தினா எனக்குத் தூக்கம் வராதுங்க."

மரியதாஸ் அவளைப் பார்த்தார். எஸ்டேட்டில் ஜாஸ் ரசிகர் தாம் ஒருவர்தான் என்ற பட்டம் அந்த வளைவில் பறிபோனது.

"அப்ப எப்படித்தான் முடியுது?"

"பெருசா ஒண்ணுமில்லீங்க. முதல்ல வந்ததே திரும்பி வருது. கொஞ்சம் களைச்சுப் போயி வருது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. ஆனா நல்லா இருக்கும்."

"எங்க, சொல்லு பாப்போம்."

கண்டக்டர் முன்பக்கம் போகும்வரை பொறுத்து, செல்வமேரி வாய்க்குள்ளேயே பின்பாதியை முனகத் தொடங்கினாள். அடுத்த வளைவில் கோட்டோடு ஒரு தலை அவள் தோளில் விழுந்தது. அவள் நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் முனகி முடித்துவிட்டுத்தான் தானும் கண்ணை மூடினாள்.